ஒரே ஆள், ஒரு கிட்டார், ஒரு ஹார்மோனிகா: 12 பார் ப்ளூஸ் வாசிக்க முழுமையான வழிகாட்டி

கிட்டாரில் நான்கைந்து கார்ட் பிடிக்கத் தெரியும், கழுத்தில் ஹோல்டர் மாட்டி ஹார்மோனிகாவும் சேர்த்துப் பழைய அக்கூஸ்டிக் ப்ளூஸ் வாசிக்க ஆசை. அப்படிப்பட்டவருக்காக எழுதியது இது. ராகம், தியரி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் வரிசையை மாற்ற வேண்டாம்.

புதிதாக வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முதல் நாளே ஹோல்டரை மாட்டிக்கொண்டு இரண்டையும் சேர்த்து ஆரம்பிக்கிறார்கள். கிட்டார் தடுமாறும், ஹார்மோனிகா கத்தும், கழுத்து வலிக்கும், ஆசை போய்விடும். கட்டைவிரல் முதலில், பிறகு சுற்று, பிறகு கையில் பிடித்த ஹார்மோனிகா, அப்புறம் குரல், எல்லாவற்றுக்கும் பின்னால்தான் ஹோல்டர்.

நாம் போய்ச் சேர வேண்டிய இடம் இதுதான்: ஈ கீயில், அதாவது ஈ-யை ஆதார ஸ்வரமாக வைத்து, ஒரு 12 பார் சுற்று (நான்கு எண்ணிக்கை ஒரு பார்). கட்டைவிரல் தாளத்தை விடாது. நீங்கள் ஒரு வரி பாடுவீர்கள், ஹார்மோனிகா அதற்குப் பதில் சொல்லும்.

1. முதலில் வாங்கி வைக்க வேண்டியவை

ஸ்டீல் கம்பி போட்ட அக்கூஸ்டிக் கிட்டார். நைலான் கம்பியில் கட்டைவிரலின் அடி மெத்தென்று கரைந்துவிடும். விரல் பழகாதவர்கள் 11 அளவு கம்பி செட் போட்டுக்கொள்ளலாம், வலி குறையும்.

ஹார்மோனிகாவில்தான் பலரும் காசை வீணாக்குகிறார்கள். நம் ஊர்க் கடையில் மவுத் ஆர்கன் என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துத் தருவது இரட்டை வரிசைத் துளை உள்ள ட்ரெமோலோ வகை. சினிமாப் பாட்டு மெட்டுக்கு அது அழகாகவே இருக்கும். ப்ளூஸுக்கு ஒத்து வராது. அதில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் லேசாக விலக்கிச் சேர்த்த இரண்டு ரீடுகள் (மூச்சில் அதிர்ந்து ஒலிக்கும் சிறு தகடுகள்) ஒன்றாக ஒலிப்பதால், ஸ்வரத்தைக் கீழே வளைத்து இறக்க முடியாது. வளைக்க முடியாவிட்டால் இந்த இசையில் பாதி போய்விடும்.

நமக்கு வேண்டியது 10 துளை டயட்டானிக் (ஒரே கீயின் ஸ்வரங்களுக்கென்று அமைத்த) ஹார்மோனிகா, ஏ கீயில். கீயின் எழுத்து கருவியின் மேலேயே பொறித்திருக்கும். ஹோனர் ஸ்பெஷல் 20, லீ ஆஸ்கர் போன்றவற்றில் நடுப்பகுதி பிளாஸ்டிக். மர நடுப்பகுதி உள்ள மாரைன் பேண்ட் 1896 புகழ்பெற்ற கருவிதான், ஆனால் மரம் எச்சில் ஈரத்தில் உப்பி உதட்டை உரசும். முதல் கருவிக்குப் பிளாஸ்டிக்கே போதும். யாரோ ஊதிய பழைய ஹார்மோனிகாவை விலை குறைவு என்று வாங்காதீர்கள். சுத்தம் ஒரு பக்கம், ரீடு களைத்திருக்கும்.

கடையில் சி கீ மட்டும்தான் கிடைக்கிறதா? வாங்கிக்கொள்ளுங்கள். கிட்டாரில் 3ஆம் ஃபிரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) போட்டு, கீழே சொல்லும் அதே கார்ட் பிடிகளை அப்படியே வாசிக்கலாம். காரணம் கடைசிப் படியில் வருகிறது.

மற்றவை: கேப்போ, மெட்ரோனோம் (போன் செயலி போதும்), ட்யூனர்.

2. கிட்டாரை ஹார்மோனிகாவுக்குச் சேருங்கள்

ட்யூனர் காட்டும் 440க்கு (ஏ ஸ்வரத்தின் வழக்கமான அளவு, 440 ஹெர்ட்ஸ்) கிட்டாரைச் சேர்த்துவிட்டு வாசித்தால் இரண்டும் லேசாக உரசுவதுபோல் கேட்கலாம். ஹார்மோனிகாவைப் பல தொழிற்சாலைகள் 440க்குச் சற்று மேலே சேர்த்துத்தான் அனுப்புகின்றன. ஹார்மோனிகாவை உடனே திருத்த முடியாது, கிட்டாரைத் திருத்தலாம். அதனால் கிட்டார்தான் விட்டுக்கொடுக்க வேண்டும்.

ஏ ஹார்மோனிகாவில் 3ஆம் துளையை மெதுவாக ஊதினால் வருவது, கிட்டாரின் முதல் கம்பியை (மிக மெல்லியது) எந்த ஃபிரெட்டையும் அழுத்தாமல் திறந்து மீட்டினால் வரும் அதே ஈ, அதே உயரத்தில். 1ஆம் துளையை இழுத்தால், அதாவது மூச்சை அதன் வழியே உள்ளே வாங்கினால், வருவது இரண்டாம் கம்பியின் அதே பி. இந்த இரண்டையும் காதால் சேர்த்துவிட்டு மற்ற கம்பிகளை இவற்றோடு சேருங்கள். பலமாக ஊதினால் ஸ்வரம் விலகும், அதனால் பேசும் அளவு மூச்சு போதும்.

3. கட்டைவிரல் மட்டும்

அவசரப்படாமல் உட்கார வேண்டிய படி இது. மற்ற எல்லாமே இதன் மேல்தான் நிற்கிறது.

வலது கட்டைவிரலால் 6ஆம் கம்பியைத் திறந்தபடியே அடியுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஒவ்வொரு எண்ணுக்கும் ஓர் அடி, எல்லா அடியும் ஒரே பலம். உள்ளங்கையின் அடிப்பகுதியைப் பிரிட்ஜ் அருகே கம்பிமேல் லேசாகச் சாய்த்து வைத்தால் ஒலி நீளாமல் 'தும் தும்' என்று அடங்கி வரும். மெட்ரோனோம் 70இல் (நிமிடத்துக்கு 70 அடி) இருக்கட்டும்.

ஒரே கம்பியில் மாறாமல் அடிக்கும் இந்த முறையை டெக்சாஸின் மான்ஸ் லிப்ஸ்கம்ப், லைட்னின் ஹாப்கின்ஸ் வாசிப்பில் தெளிவாகக் கேட்கலாம். பிக் பில் ப்ரூன்ஸியின் கட்டைவிரலையும் கேளுங்கள், அவ்வளவு உறுதி. மிசிசிப்பி ஜான் ஹர்ட் வாசிப்பதுபோல் இரண்டு மூன்று கம்பிகளுக்கு இடையே மாறி மாறி அடிக்கும் முறையும் உண்டு. கேட்க இனிமையானது, ஆனால் அதை இப்போது தொடாதீர்கள். அடுத்த அடி எந்தக் கம்பியில் என்று விரல் தேட வேண்டியிருக்கும். வாயில் ஹார்மோனிகா வந்த பிறகு அப்படித் தேட உங்களிடம் கவனம் மிச்சமிருக்காது.

ஈ கீயைத் தேர்ந்ததற்கும் இதுதான் காரணம். ஈ கார்டுக்கு 6ஆம் கம்பி திறந்தபடி, ஏ கார்டுக்கு 5ஆம் கம்பி திறந்தபடி. பி7க்கு மட்டும் 5ஆம் கம்பியின் 2ஆம் ஃபிரெட். 12 பாரில் பெரும்பகுதிக்கு இடது கை உதவியே இல்லாமல் அடித்தளம் ஓடும்.

இனி ஷஃபிள் நடை. ஒவ்வொரு அடியையும் வாயால் 'தகிட' என்று மூன்றாகப் பிரியுங்கள். கட்டைவிரல் 'த'வில் விழும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முதல் இரண்டு கம்பிகளை 'ட'வில் கிள்ளட்டும். 'கி' காலி. அந்தக் காலி இடம்தான் நடையைக் கொடுக்கிறது. அதை விட்டுவிட்டு இரண்டு சம பாதியாகப் பிரித்தால் அணிவகுப்பு இசையாகிவிடும். திஸ்ர நடை காதில் பழகியவர்களுக்கு இது சீக்கிரம் வரும்.

இங்கே எல்லோரும் செய்யும் தவறு, விரல்கள் கிள்ளும்போது கட்டைவிரல் அவற்றோடு சேர்ந்து இழுபடுவது. விரல் தவறினால் தவறட்டும், கட்டைவிரல் நிற்கக் கூடாது. தேறிவிட்டீர்களா என்று பார்க்க ஒரு சோதனை: வாசித்துக்கொண்டே உங்கள் போன் எண்ணைப் பின்னாலிருந்து சொல்லுங்கள். அல்லது இன்று காலை முதல் செய்ததை வீட்டில் யாரிடமாவது சொல்லுங்கள். தாளம் நின்றால் இன்னும் இரண்டு நாள் இதே படியில் இருங்கள். இதைத் தாண்டாமல் போனவர்கள் ஹோல்டர் மாட்டியதும் திரும்ப இங்கேதான் வந்து நிற்கிறார்கள்.

4. 12 பார் சுற்று

நான்கு எண்ணிக்கை ஒரு பார். சுற்று இப்படிப் போகும்: முதல் 4 பார் ஈ7. 5, 6 ஏ7. 7, 8 மறுபடி ஈ7. 9 பி7, 10 ஏ7, 11 ஈ7, 12 பி7. அங்கிருந்து முதலுக்கு.

ஈ7: 5ஆம் கம்பி 2ஆம் ஃபிரெட், 3ஆம் கம்பி 1ஆம் ஃபிரெட், மற்றவை திறந்தபடி. ஏ7: 4ஆம் கம்பியிலும் 2ஆம் கம்பியிலும் 2ஆம் ஃபிரெட். பி7: நடுவிரல் 5ஆம் கம்பி 2ஆம் ஃபிரெட், ஆள்காட்டி 4ஆம் கம்பி 1ஆம் ஃபிரெட், மோதிரவிரல் 3ஆம் கம்பி 2ஆம் ஃபிரெட், சுண்டுவிரல் முதல் கம்பி 2ஆம் ஃபிரெட்.

பார்களை எண்ணும்போது 'ஒன்று இரண்டு மூன்று நான்கு, இரண்டு இரண்டு மூன்று நான்கு' என்று முதல் எண்ணில் பார் எண்ணைச் சொல்லுங்கள். முதல் நான்கு பாரும் ஒரே கார்டாக இருப்பதால் பலர் மூன்றிலேயே மாறிவிடுகிறார்கள். கொஞ்ச நாளில் எண்ணாமலே மாறும் இடம் காதுக்குத் தெரிந்துவிடும். அதுவரை வாய்விட்டு எண்ண வெட்கப்பட வேண்டாம்.

5. டர்ன்அரவுண்ட்

11ஆம் பாரில் சுற்று முடிந்தது என்று காதுக்குச் சொல்லும் இறக்கம் இது. முதல் கம்பியைத் திறந்து ஒலிக்க விட்டு, அதனோடு 2ஆம் கம்பியில் 3ஆம் ஃபிரெட், 2, 1, திறந்தது என்று ஒவ்வொரு அடிக்கும் ஒன்றாக இறங்குங்கள். 12ஆம் பாரில் 5ஆம் கம்பியைத் திறந்தபடி ஓர் அடி, 1ஆம் ஃபிரெட்டில் ஓர் அடி, மூன்றாவது அடியில் பி7 முழுதாக.

இது மெதுவான வேகத்தில் சரியாக விழுந்த பிறகே 80க்குப் போங்கள். 80இல் ஒரு சுற்று 36 விநாடி. அதற்கு மேல் வேகம் இப்போதைக்குத் தேவையே இல்லை.

6. கிட்டாரைக் கீழே வையுங்கள்

இப்போது ஹார்மோனிகா, கையில். எண்கள் மேல்பக்கம், 1 உங்கள் இடப்பக்கம்.

ஈ கீ பாட்டுக்கு ஏ ஹார்மோனிகா ஏன்? ஏ ஹார்மோனிகாவில் 1 முதல் 4 வரை சேர்த்து இழுத்தால் ஈ கார்ட் வருகிறது. 5ஐயும் சேர்த்தால் ஈ7. அதே துளைகளை ஊதினால் ஏ கார்ட். சுற்றின் வீடாகிய ஈ, மூச்சை உள்ளே இழுக்கும் பக்கம் வந்துவிடுகிறது. வளைக்க வேண்டிய முக்கியமான ஸ்வரங்களும் கீழ்த் துளைகளின் இழுப்பில்தான் இருக்கின்றன. இதை இரண்டாம் பொசிஷன் அல்லது க்ராஸ் ஹார்ப் என்பார்கள். ஈ கீ பாட்டுக்கு ஈ ஹார்மோனிகா வாங்கி வந்து, ஏன் ப்ளூஸ் போலவே கேட்கவில்லை என்று குழம்புகிறவர்கள் அநேகம்.

முதல் பயிற்சி ஒற்றைத் துளை. உதட்டைக் குவித்து 4 இழுப்பு மட்டும். பக்கத்துத் துளை சேர்ந்து ஒலித்தால் குவியலை இறுக்காதீர்கள், கருவியை இன்னும் கொஞ்சம் வாய்க்குள் கொண்டுபோங்கள். உதட்டின் ஈரமான உட்பகுதி துளையைச் சுற்றி உட்கார வேண்டும்.

2 இழுப்பு மூச்சடைத்தது போல நிற்கும், சிலருக்கு ஒலியே வராது. கருவி பழுது என்று திருப்பிக் கொடுக்கப் போய்விடாதீர்கள். வாய் குறுகியிருப்பதால், தெரியாமலே ஸ்வரத்தை வளைக்கிறீர்கள். தாடையைத் தளர்த்தி, கொட்டாவி விடப் போகும் அளவு தொண்டையைத் திறந்து, மெதுவாக இழுங்கள். 2 இழுப்புதான் இந்தப் பொசிஷனின் ஆதார ஸ்வரம், ஈ. இது சுத்தமாக வராமல் அடுத்ததற்குப் போக வேண்டாம்.

பிறகு இந்தச் சிறு வரி: 4 இழுப்பு, 4 ஊதல், 3 இழுப்பு, 2 இழுப்பு. கடைசி ஸ்வரத்தை நீட்டுங்கள். பல நாளைக்கு உங்கள் பதில்கள் எல்லாம் இதிலிருந்தே பிறக்கும்.

7. மூச்சு

இழுப்பே அதிகமாக இருப்பதால் கொஞ்ச நேரத்தில் மூச்சு முட்டும். காற்று போதவில்லை என்று நினைத்து இன்னும் இழுப்பார்கள், நிலைமை மோசமாகும். உண்மையில் நெஞ்சு நிரம்பிவிட்டது. வெளியே விட இடம் வேண்டும்.

பாடாமல் ஹார்மோனிகா மட்டும் வாசிக்கும் சுற்றில் 5, 6ஆம் பார்கள் அந்த இடம். அங்கே ஏ கார்ட், ஊதல். 1, 2, 3 துளைகளை நிதானமாக ஊதி நெஞ்சைக் காலி செய்யுங்கள். வரிகளுக்கு இடையே மூக்கு வழியாகவும் விடலாம்.

பாடும் சுற்றில் இது தானாகவே சரியாகிவிடுகிறது. பாடும்போது மூச்சு வெளியே போகிறது. வரி முடியும்போது நெஞ்சு காலி. அடுத்து ஹார்மோனிகாவில் இழுக்கும்போது அந்த இசையே உங்களுக்கு மூச்சாக உள்ளே வருகிறது, அடுத்த வரிக்குத் தயாராகிவிடுகிறீர்கள். ஒரு தனி ஆள் பாடவும் வாசிக்கவும் இந்தப் பொசிஷன் இவ்வளவு பொருந்தி வருவதற்கு இதைத்தான் முதல் காரணமாகச் சொல்வேன். குரல் நன்றாக இல்லை என்று பாடுவதைத் தவிர்க்கிறவர்கள், வாசிப்பதையும் தங்களுக்குக் கடினமாக்கிக்கொள்கிறார்கள்.

8. பெண்டிங் (ஸ்வரத்தை வளைத்து இறக்குவது)

4 இழுப்பில் தொடங்குங்கள், மற்றவற்றைவிட எளிது. இழுத்துக்கொண்டே, வாயை 'ஈ' என்ற உயிரெழுத்துச் சொல்லும் வடிவிலிருந்து 'ஊ'வுக்கு மெதுவாக மாற்றுங்கள். நாக்கின் பின்பகுதி பின்னுக்கும் கீழுக்கும் போகும். ஸ்வரம் அரைப்படி (கிட்டாரில் ஒரு ஃபிரெட் அளவு) இறங்கும். உதடு அசையக் கூடாது, மூச்சின் பலமும் கூடக் கூடாது. பலமாக இழுத்து வளைக்கப் பார்ப்பதுதான் இங்கே முதன்மையான தவறு. ரீடு சீக்கிரம் கெட்டுப்போவதும் அதனால்தான்.

அடுத்து 3 இழுப்பு. இது கடினம், வாரக்கணக்கில் ஆகலாம். வளைக்காமல் இழுத்தால் ஈ கார்டின் மூன்றாம் ஸ்வரமான ஜி ஷார்ப், அரைப்படி வளைத்தால் ஜி. இரண்டுக்கும் நடுவில் தவழும் அந்த ஒலிதான் ப்ளூஸின் அழுகை.

காதில் இடிக்கும் ஒரு இடத்தையும் சொல்லிவிடுகிறேன். 5, 6ஆம் பார்களில் கிட்டார் ஏ7 வாசிக்கும்போது 3 இழுப்பை வளைக்காமல் நீட்டாதீர்கள். ஏ7க்குள் ஜி இருக்கிறது, உங்கள் ஜி ஷார்ப் அதோடு மோதும். வளைத்து இறக்கினால் அதே துளை ஏ7க்குள் கச்சிதமாக உட்காரும். வளைக்க வரும்வரை அந்த இரண்டு பாரிலும் 2 இழுப்பு அல்லது ஊதல் கார்ட் போதும்.

9. எங்கே பாடுவது, எங்கே வாசிப்பது

ப்ளூஸ் பாட்டின் வழக்கமான அமைப்பு மூன்று வரி. முதல் வரி, அதே வரி மறுபடி, பிறகு முடிக்கும் வரி. ஒவ்வொரு வரிக்கும் 4 பார். பாடுவது முதல் இரண்டு பாரில், அடுத்த இரண்டு பார் பதிலுக்கு.

அதாவது 1, 2 பாட்டு. 3, 4 ஹார்மோனிகா. 5, 6 பாட்டு. 7, 8 ஹார்மோனிகா. 9, 10 பாட்டு; 11, 12க்கு டர்ன்அரவுண்ட். இப்போது கார்டுகளைப் பாருங்கள்: 3, 4, 7, 8 எல்லாமே ஈ7. ஹார்மோனிகா நுழையும் ஒவ்வொரு இடமும் வீடு, ஒவ்வொரு நுழைவும் இழுப்பு. ஏ7க்கும் பி7க்கும் வரிகள் கற்காமலே பாட்டை முழுதாக வாசிக்கலாம்.

11, 12ஐ முதலில் கிட்டாருக்கே விட்டுவிடுங்கள். கிட்டார் இறங்குகிற இடத்தில் ஹார்மோனிகாவும் பேசினால் இரண்டும் கலங்கும்.

பதில் குரலின் கடைசிச் சொல்லைத் தொட்டுத் தொடங்கி, அடுத்த வரிக்கு ஓரிரு அடி முன்பே முடிய வேண்டும். இரண்டு பாரையும் ஸ்வரங்களால் நிரப்பத் துடிக்காதீர்கள். ஹார்மோனிகாக்காரர் சானி டெர்ரியும் கிட்டார்க்காரர் ப்ரௌனி மெகீயும் சேர்ந்து வாசித்த பதிவுகளையும், ஸ்லீப்பி ஜான் எஸ்டெஸ் குரலுக்குப் பின்னால் ஹேமி நிக்ஸன் ஊதுவதையும் கேளுங்கள். இவர்கள் இருவர் இருவராக வாசித்தவர்கள். நீங்கள் தனி ஆள், அதனால் இவர்களில் எந்த ஹார்மோனிகாக்காரர் வாசித்ததிலும் பாதி வாசித்தாலே தாராளம்.

10. ஹோல்டர்

திருகு இறுக்கமாக நிற்கும் ஹோல்டராகப் பாருங்கள். வாசிக்கும்போது மெல்ல மெல்லச் சரியும் ஹோல்டர்தான் கழுத்து வலிக்குக் காரணம், ஏனென்றால் கருவி இறங்க இறங்கத் தலையும் அதன் பின்னால் குனியும். கண்ணாடி முன் நேராக நின்று, தலையை அசைக்காமல், கருவியை உதட்டுக்குக் கொண்டுவந்து அங்கே திருகை இறுக்குங்கள். பாடும்போது தாடையைச் சற்றே பின்னிழுத்தால் உதடு விடுபடும் தூரம் போதும்.

கிட்டாரின் மேல்விளிம்பில் ஹோல்டர் இடித்தால் கிட்டாரைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்ளுங்கள். கையால் மூடித் திறந்து ஒலியை மாற்றும் வித்தை இனிக் கிடையாது. அந்த வேலையைத் தொண்டையும் நாக்கும் செய்ய வேண்டும். துளை தேடுவதும் புதிதாகிவிடும். கையில் பிடித்தபோது கருவி நகர்ந்தது, இப்போது தலை பக்கவாட்டில் நகர வேண்டும். அதனால் கிட்டாரே இல்லாமல் ஹோல்டரோடு சில நாள் 6ஆம் படியைத் திரும்பச் செய்யுங்கள்.

11. சேர்ப்பது

முதலில் கட்டைவிரல் மட்டும் ஈயில் ஓடட்டும், கார்ட் மாற்றம் வேண்டாம். மேலே 2 இழுப்பை நான்கு எண்ணிக்கைக்கு நீட்டி, நான்கு எண்ணிக்கை விடுங்கள். கட்டைவிரலின் அடி ஹார்மோனிகா நுழையும்போது பலமாகிறதா என்று கவனியுங்கள். மூச்சு இழுக்கும்போது கையும் இறுகுவது எல்லோருக்கும் நடக்கும். இறுகாத வரை இதையே செய்யுங்கள்.

பிறகு கிள்ளும் விரல்களையும் சேருங்கள். பிறகு முழுச் சுற்று, 3, 4, 7, 8இல் வெறும் 2 இழுப்பு மட்டும். அதன் பிறகு அந்த நான்கு ஸ்வர வரி. பாட்டு வரி இன்னும் தயாராகவில்லை என்றால் 'ம்ம்' என்று முனகினாலும் போதும், ஆனால் பாட வேண்டிய இடத்தில் வாயை ஹார்மோனிகாவிலிருந்து எடுத்தே ஆக வேண்டும். எடுக்கவும் திரும்ப வைக்கவும் பழகுவதே பாதி வேலை.

ஹார்மோனிகா வாசிக்கும்போது கிட்டாரைக் குறைத்துக்கொள்ளலாம், கட்டைவிரல் மட்டும் போதும். ஹார்மோனிகா ஓய்ந்ததும் விரல்கள் திரும்ப வரட்டும். ஹோல்டர் மாட்டி வாசித்த ஜிம்மி ரீட் எலக்ட்ரிக் கிட்டார்க்காரர்தான், ஆனாலும் இந்தச் சிக்கனத்துக்கு அவரைக் கேட்கலாம்.

போனில் பதிவு செய்து கேளுங்கள். கேட்கும்போது ஹார்மோனிகாவைக் கவனிக்காதீர்கள், 6ஆம் கம்பியை மட்டும் கேளுங்கள். அது எங்கே தயங்குகிறதோ அங்கே உங்களுக்கு ஹார்மோனிகா வரி இன்னும் பழகவில்லை. அந்த வரியைத் தனியாக எடுத்து, கையில் பிடித்து வாசித்துவிட்டு வாருங்கள்.

12. வேறு கீக்கு மாற

உங்கள் குரலுக்கு ஈ ஒத்துவராமல் போகலாம். பிடிகளை மாற்ற வேண்டாம், கேப்போவை நகர்த்தி ஹார்மோனிகாவை மாற்றுங்கள். 1ஆம் ஃபிரெட்டில் கேப்போ என்றால் பி ஃபிளாட் ஹார்மோனிகா. 3ஆம் ஃபிரெட் என்றால் சி, 5ஆம் ஃபிரெட் என்றால் டி. கேப்போ போடாத ஈ பிடியோடு ஏ ஹார்மோனிகா ஒலிக்கும் அதே உறவுதான் இவை ஒவ்வொன்றிலும் இருக்கிறது, அதனால் துளை எண்களும் ஃபிரெட் எண்களும் மாறாது. கேப்போ கம்பிகளை இழுத்து ஸ்ருதியைச் சற்றே மேலே கொண்டுபோகும். போட்ட பிறகு 3ஆம் துளை ஊதலோடு முதல் கம்பியை மறுபடி ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

வாசிக்கும் முன் வாயைக் கொப்பளித்துவிடுங்கள். முடிந்ததும் துளைகள் கீழ்ப்பக்கம் இருக்கும்படி உள்ளங்கையில் தட்டி ஈரத்தை இறக்கி, கொஞ்ச நேரம் காற்றாட வைத்துவிட்டுப் பெட்டியில் போடுங்கள். ஹோல்டரிலேயே மாட்டி விட்டுவிட வேண்டாம், தூசி ரீடுக்குள் போய்விடும்.